மானியத்தில் கட்டிய வாய்க்கால்

எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்துதான் மாமா தலைப்பாகை கட்டுவார். ஒரு கால் பிரெஞ்சுக்காரன் மண்ணில், மறுகால் இங்கிலீஷ்காரன் மண்ணில். "ரெண்டு ராஜாவையும் ஒண்ணா மிதிச்சிக்கினு குந்தியிருக்கேன் பாரு மச்சான்" என்று சிரிப்பார். மாமா என்றால் என் அக்காவின் புருஷன். பிரெஞ்சுக்காரன் பக்கத்துப் பாகூர் கொம்யூனில், செலியமேட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊர் வயல்களுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் பெண்ணையாற்றில் பிரிகிறது. வாய்க்கால் முழுக்க எங்கள் எல்லைக்குள் ஓடினாலும், ஆற்றில் அது பிரியும் தலைப்பு மட்டும் கூப்பிடு தூரத்தில் இங்கிலீஷ் எல்லைக்குள் இருக்கிறது. ஆற்று வெள்ளம் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தலைப்பில் மணலைத் தள்ளி மேடாக்கிவிட்டுப் போகும். மேட்டை வெட்டினால்தான் தண்ணீர் உள்ளே வரும். மாமாவின் நிலமோ வாய்க்காலின் கடைசியில். தலைப்பில் ஒரு முழம் மணல் நின்றாலும் முதலில் காய்வது அவர் பயிர்தான்.

ஆடி மாதத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு எல்லையைத் தாண்டிப் போவோம். யாரும் யாரிடமும் எழுதிக் கேட்டதில்லை. அந்தப் பக்கத்து ஊர் நாட்டாமை ஆற்றங்கரையில் வந்து நிற்பார். அவருக்கு ஒரு தட்டு வெற்றிலை பாக்கு, அவர் ஊர் ஆட்களுக்கு ஒரு பானை பாண்டிச் சாராயம். அதுதான் உத்தரவு.

"இன்னா மாப்ளே, பானை போன வருசத்த வுட இளைச்சுப் போச்சே?" என்பார் நாட்டாமை.

"உங்க ஆளுங்க தாங்கணுமே பெரியவரே. போன வருசம் ஒருத்தன் எங்க எல்லையிலயே படுத்துட்டான். தூக்கியாந்து போட்டது நாங்கதான்!" என்பார் மாமா.

இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடிச் சேவகர்கள் அன்று மட்டும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரு ஊரும் சேர்ந்து வெட்டும். சாயங்காலம் தண்ணீர் எல்லையைத் தாண்டும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பாண்டிப் பட்டணத்தில் பிரெஞ்சு படித்து, வாய்க்கால், ஏரி வேலைகளைப் பார்க்கும் எஞ்சினீர் துரையிடம் மொழிபெயர்க்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். கொம்யூன்களின் நீர்ப்பாசன வேலைகளுக்குச் சர்க்கார் மானியம் கொடுக்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் என்னைவிட மாமாதான் அதிகம் துள்ளினார். கொம்யூன் தலைவரான மேர் வீட்டு வாசலில் போய் நின்றார். ஊரைக் கூட்டினார். "மண்ணு சரியிற கரையெல்லாம் கல்லு வச்சிக் கட்டிட்டா, கடைசி வயலு வரிக்கும் சிந்தாம வரும்டா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். மானியம் கிடைத்தது. கரை கட்டினார்கள். காகிதக் கொடிகள் தொங்க, துரை வந்து மாலை போட்டுக்கொண்டார். அவ்வளவு நேரான வாய்க்காலை நான் அதுவரை பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் வரைபடத்தின் பிரதி ஒன்று, அண்டை அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதையாக, எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டது. அதில் தலைப்பும் பிரெஞ்சு சர்க்கார் வேலையாகவே வரையப்பட்டிருந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை.

அடுத்த ஆடியில் பானையோடு போனோம். சேவகர்கள் எங்களை நேராகப் பார்த்தார்கள். "சர்க்கார் வேலைன்னா சர்க்கார் காகிதத்தைக் காட்டு" என்றார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நாட்டாமை துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"போன வருசம் வரிக்கும் நீ எனக்கு மாப்ளே. இப்ப நீ பிரெஞ்சு சர்க்காரு ஆயிட்ட. எங்க தாலுக்காவுல இருந்து உத்தரவு வந்துகீது. ரெண்டு சர்க்காரும் பேசி முடிக்கிற வரிக்கும் அந்த எடத்துல ஒரு கூடை மண்ண நான் எடுத்தாலும் தப்பு, நீ எடுத்தாலும் தப்பு. என்ன இன்னா பண்ணச் சொல்ற?"

மாமா பானையை நீட்டினார். நாட்டாமை வாங்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை பெய்யவில்லை. ஆனால் மேற்கே எங்கேயோ பெய்து ஆற்றில் தண்ணீர் வந்தது. மணல் மேட்டை உரசிக்கொண்டு கடலுக்குப் போனது. மாமா தினமும் எல்லைக்கல் வரை போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். அக்கா குட்டையில் கலங்கல் நீரைக் குடத்தில் மொண்டு கடைசி வயலுக்குச் சுமந்தாள். ஒரு குடம் ஊற்றிய இடத்தில் மறு குடம் வருவதற்குள் மண் வெளுத்துவிடும். பாண்டியிலிருந்து கடலூருக்கும் கடலூரிலிருந்து சென்னைக்கும் கடிதம் போனது. நினைவூட்டும் கடிதங்களை நான்தான் நகல் எடுத்தேன். நான் படித்த படிப்பு, தயவு செய்யுங்கள் என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று எனக்குக் காட்டியது. வேறெதற்கும் உதவவில்லை.

இன்று மாமா பட்டணத்து ஆலையில் பஞ்சு மூட்டை தூக்குகிறார். மாடுகளை விற்றாகிவிட்டது. தலைப்பைப் பற்றிய கடிதங்கள் இன்னும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் கேட்டதெல்லாம் ஒரே ஒரு தடவைதான்.

அது அந்த வறண்ட வருஷத்துத் தை மாதம். கரைக் கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் துரை வந்தார், நானும் கூட வந்தேன். மாமா கதிர் தள்ளாத பயிரை மாட்டுக்காக அறுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

"மச்சான், தொரை கிட்ட ஒண்ணு கேளு. அந்த மானியத்த நாங்க ஊரே சேந்து கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கட்டிடறோம். கல்லையும் பேத்து எடுத்துக்கட்டும். பழையபடி நாங்களே போயி வெட்டிக்கலாமான்னு கேளு."

நான் கேட்டேன். ஒரு சொல்லையும் விடாமல், எனக்குத் தெரிந்த நல்ல பிரெஞ்சில் கேட்டேன். துரை நல்ல மனிதர். வாய்க்காலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு மாமாவின் தோளில் கை வைத்து, இவ்வளவு அழகான வாய்க்காலை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

தோளில் கை விழுந்ததால் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னா சொல்றாரு மச்சான்? சரின்றாரா?"