இடது தடத்தில் ஒரு லாரி

அழகேசன் லாரி ஓட்ட வந்தபோது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. அதற்கு முன் அவர் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருந்தார். மீசை அரும்பிய வயதில் சேர்ந்து, விரிப்புகளின் ஈரச்சூட்டிலேயே தலை நரைத்தவர். துணிகளை வெளியில் கொடுத்துத் துவைத்துக்கொள்ளலாம் என்று ஹோட்டல் முடிவு செய்ததும் பிரிவையே மூடிவிட்டார்கள். செக்யூரிட்டி வேலைக்குப் போய்ப் பார்த்தார். நாள் முழுக்க நிற்க முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலையாகத் தேடச் சொன்னாள் மனைவி கமலா. முதல் தேர்வில் தவறி, இரண்டாம் தடவைதான் லாரி உரிமம் கிடைத்தது.

சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் சொந்தமாக வண்டி வைத்திருந்ததில்லை. ஊர் அவருக்கு எம்.ஆர்.டி. ரயில் நிலையங்களின் பெயர்களாகவே மனத்தில் பதிந்திருந்தது. வீட்டருகே சுவா சூ காங்கில் ரயிலின் எந்தக் கதவில் ஏறினால் லிட்டில் இந்தியாவுக்கு வசதி என்பதெல்லாம் தெரியும். அதே லிட்டில் இந்தியாவுக்கு லாரியில் எப்படிப் போவது என்று கேட்டால் விழிப்பார்.

ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தார். காலையில் ஊழியர்களை விடுதியிலிருந்து வேலையிடத்துக்குக் கொண்டுவர வேண்டும், பகலில் சரக்கு, மாலையில் மறுபடியும் ஆட்கள். முதல் சில வாரங்கள் தடுமாற்றத்திலேயே கழிந்தன. விரைவுச்சாலையில் பிரிய வேண்டிய இடத்தை விட்டுவிட்டால் அடுத்த பிரிவு வரும்வரை திரும்ப வழியில்லை.

பொங்கோலுக்கு டைல்ஸ் கொண்டுபோன நாளில் கைப்பேசி காட்டிய வழியே போய், ஓர் அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் வாசலில் இருந்த உயரத் தடுப்பில் லாரியின் கூரையை மோதிவிட்டார். கைப்பேசிக்கு அவர் ஓட்டுவது காரா லாரியா என்று தெரியாது. அலுவலகத்தில் வண்டிகளைக் கவனிக்கும் ரமீஸ் நேரில் வந்து வளைந்த கம்பிகளைப் பார்த்தான்.

“என்னண்ணே, போர்ட பாக்கலையா? ஹைட் லிமிட் எழுதியிருக்கு லா.”

அன்றிலிருந்து அவர் கைப்பேசியை நம்புவதில்லை. மறுநாள் போக வேண்டிய இடம் தெரிந்தவுடன் மகள் தாரணியின் கணினியில் சாலைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போய்ப் பார்ப்பார். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அந்த வழக்கத்துக்குப் பிறகு பிழைகள் குறைந்தன. ஆனால் பார்த்துவைத்த அந்த ஒரு வழிதான் அவருக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு திருப்பம் மாறினாலும் ஊர் இருட்டாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் சின்னராசு இறந்துபோனான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், சாரம் கட்டுபவன். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விடுதிக் கட்டிலில் சாய்ந்தவன், ஆம்புலன்ஸ் வருமுன் போய்விட்டான். உடலை விமானத்தில் திருச்சிக்கு அனுப்ப நிறுவனம் ஏற்பாடு செய்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல், பெட்டியை மூடுவதற்கு முன், கூட வேலை பார்த்தவர்கள் தோ பாயோவில் உடலைப் பதப்படுத்தும் இடத்துக்குப் போய்க் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்றார்கள். கூட்டிப்போகும் பொறுப்பு அழகேசனுக்கு.

சின்னராசுவுக்குப் பக்கத்துக் கட்டில் ஃபாரூக்குடையது. இருவரும் ஒரே மாவட்டம். ஊரிலிருந்து சின்னராசுவின் மனைவி வளர்மதி ஃபாரூக்கிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நல்லா இருந்த மனுஷன் தூக்கத்துல போயிட்டாருன்னா யாரு நம்புவா? வேலையில கீழ விழுந்ததத்தான் மறைக்கிறாங்களோன்னு இருக்கு. நீங்க ஒரு தடவ முகத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்.”

வெள்ளிக்கிழமை, தெங்கா வேலையிடத்திலிருந்து லாரி கிளம்பியது. பின்னால் ஆட்கள் குளித்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஃபாரூக் முன்னால் ஏறிக்கொண்டான். முதல் நாள் அழகேசன் மகளோடு உட்கார்ந்து பி.ஐ.இ. விரைவுச்சாலை வழியைப் பார்த்துவைத்திருந்தார். வண்டி வாசலைத் தாண்டுமுன் ரமீஸின் அழைப்பு வந்தது.

“அண்ணே, பி.ஐ.இ.ல ஆக்சிடென்ட். ஜாம். நீங்க கே.ஜே.இ. எடுத்து பி.கே.இ. புடிச்சிடுங்க, அது போய் பி.ஐ.இ.ல சேரும். சீக்கிரம் லா, அவங்க வெயிட் பண்ண மாட்டாங்க.”

“சரி தம்பி.”

ஃபாரூக் தன் கைப்பேசியை எடுத்தான். “மேப் போடவாண்ணே?”

“வேணாம் தம்பி. அது குழப்பும். கே.ஜே.இ. முடியிற எடத்துல பி.கே.இ. வந்துடும்.”

வரத்தான் வந்தது. கே.ஜே.இ. முடிகிற இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பலகைகளிலும் பி.கே.இ. என்றே இருந்தது. ஒன்று தெற்கே பி.ஐ.இ.க்குப் போவது. மற்றது வடக்கே உட்லண்ட்ஸுக்கு, மலேசியாவின் ஜொகூர் எல்லைக்கு. லாரி எப்போதும்போல இடது தடத்தில் போய்க்கொண்டிருந்தது. இடது தடம் அதைத் தன்போக்கில் வடக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் பிரிவு பின்னால் போய்விட்டது.

மண்டாய் என்ற பலகையைப் பார்த்ததும் அழகேசன் வேகத்தைக் குறைத்தார். அவர் பார்த்துவைத்த எந்த வழியிலும் மண்டாய் இல்லை.

“அண்ணே, இது தோ பாயோ போற ரோடா?” என்றான் ஃபாரூக்.

“எறங்கித் திருப்பிடலாம்,” என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். வார இறுதிக்கு ஜொகூர் போகும் கார்கள் மூன்று தடங்களிலும் நெருக்கிக்கொண்டிருந்தன. முன்னால் நின்றிருந்த சரக்கு லாரிகளின் வரிசையைத் தாண்டுவதற்காக அவர் நடுத்தடத்துக்கு மாறியிருந்தார். அங்கிருந்து திரும்ப இடப்பக்கம் நுழைய யாரும் இடம் விடவில்லை. சிக்னல் போட்டுக்கொண்டே ஒரு பிரிவைத் தவறவிட்டார். அடுத்ததையும் விட்டார். ஜொகூருக்குப் போகும் பாலத்துக்கு முன் இதுவே கடைசி வழி என்ற பலகை, அசையாத ஒரு கன்டெய்னருக்கு அந்தப் பக்கம் தெரிந்து மறைந்தது. அதன்பின் சோதனைச்சாவடியைத் தவிர எங்கும் போக முடியாது.

ஒருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. வரிசை ஊர்ந்து ஊர்ந்து சாவடியை அடைந்ததும் அழகேசன் அதிகாரியிடம் வழி தவறி வந்துவிட்டதாகச் சொன்னார். அதிகாரி கடிந்துகொள்ளவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டைகளைப் பார்த்து, வண்டியைச் சோதித்தபிறகு திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது முறைதான். ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஃபாரூக் சுவரோரமாக நின்று ரமீஸிடம் பேசினான்.

“கொஞ்ச நேரம் வெயிட் பண்ணச் சொல்லியிருக்கேன்,” என்றான் ரமீஸ். “ஏர்போர்ட் கார்கோவுக்கு டைம் இருக்குல்ல. என்னால எவ்வளவு இழுக்க முடியும்?”

திரும்பும் வழியில் ஃபாரூக் மேப்பைப் போட்டான். அழகேசன் மறுக்கவில்லை. அதன் பெண்குரல் சொன்னபடியே ஓட்டினார்.

தோ பாயோவில் இறங்கியபோது கூடம் கழுவி விடப்பட்டிருந்தது. தரை இன்னும் ஈரம். பெட்டியை மூடி முத்திரை வைத்து அனுப்பிவிட்டதாக அங்கிருந்த சீனப் பெரியவர் சொன்னார். முடிந்தவரை காத்திருந்தோம் என்று இரண்டுமுறை சொன்னார். ஆட்கள் வாங்கிவந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். யாரும் அழகேசனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவர் பிறகு கமலாவிடம் சொன்னார்.

அப்போது ஃபாரூக்கின் கைப்பேசி அடித்தது. வளர்மதி.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்தான்.

“பாத்தோம்மா... ஆமா, நல்லாப் பாத்தோம். ஒரு காயமும் இல்ல. தூங்குற மாதிரிதான் இருந்தான்... சட்டையா? நீலச் சட்டைம்மா. தீபாவளிக்கு எடுத்தது.”

விடுதி அலமாரியிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பியது அவன்தான்.

அழகேசன் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பொய்யைத் தானே சொன்னதுபோல் அவருக்கு இருந்தது.

திங்களன்று லாரியில் ஃபாரூக் முன்னால் ஏறவில்லை. வேறொருவனை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அழகேசனால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போய் அவனைத் தேடினார். ரேஸ்கோர்ஸ் சாலையோரப் புல்தரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து, பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கிவந்து கொடுத்தான். மரியாதையில் ஒன்றும் குறை வைக்கவில்லை.

“தம்பி, அன்னிக்கு நீங்க மேப் போடவான்னு கேட்டீங்க. நான்தான் வேணாம்னுட்டேன்.”

“அது போவட்டும்ணே.”

“எம்மேல கோவமா?”

ஃபாரூக் காகிதக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். “ஊர்ல பெட்டியத் திறந்தாங்க. உள்ள வெள்ளச் சட்டை. நீலச் சட்டை பத்தலையாம், தோ பாயோவுல அவங்களே வேற போட்டுட்டாங்க. நான் நீலம்னு சொல்லிட்டேன்ல. அந்தப் பொண்ணு இப்ப என் ஃபோனே எடுக்கறதில்ல. நானும் கம்பெனிகூடச் சேந்து மறைக்கிறேன்னு அவ அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கா. சட்டையில பொய் சொன்னவன் எல்லாத்துலயும்தான் பொய் சொல்லியிருப்பான்னு.”

அழகேசன் தேநீரைக் கீழே வைத்தார். “நம்பரக் குடுங்க. நான் பேசுறேன்.”

“நீங்க பேசி என்னண்ணே ஆகப் போவுது?”

“குடுங்க தம்பி.”

அவர் தன் கைப்பேசியிலிருந்து அழைத்தார். தெரியாத எண் என்பதால் அவள் எடுத்தாள். பின்னணியில் குழந்தை அழும் சத்தம். அவர் நடந்ததை வரிசையாகச் சொன்னார். விபத்து, மாறிய வழி, உட்லண்ட்ஸ், சாவடி, கழுவிவிட்ட கூடம். ஃபாரூக் பொய் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான், சின்னராசுவுக்கு வேலையில் ஒன்றும் ஆகவில்லை என்றார். எல்லாம் முடிந்தபிறகு அவள் கேட்டாள்:

“அந்த ஊர்லயே பொறந்தவரா நீங்க?”

“ஆமாம்மா.”

“அந்த ஊர்லயே பொறந்துட்டு வழி தெரியாமப் போச்சா?”

“பலகையப் படிக்கிறதுக்குள்ள...” என்று தொடங்கினார்.

“நீங்களும் கம்பெனி ஆளுதான?”

“டிரைவரும்மா.”

“சரி,” என்றாள். இணைப்பு அறுந்தது.

மறுபடி அழைத்தபோது எடுக்கவில்லை. ஃபாரூக், “விடுங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு இரண்டு கோப்பைகளையும் எடுத்துப்போய்க் குப்பையில் போட்டான்.

அழகேசன் ரமீஸிடம் போய், இனி ஆட்களை ஏற்ற வேண்டாம், மணலோ கம்பியோ எதுவானாலும் ஏற்றிக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மேப்பை இப்போது லாரிக்கென்றே உயரம் குறித்து வைத்திருக்கிறார். சாலைகளை இரண்டு திசையிலும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். பிழை என்று ஒன்றும் நேர்வதில்லை. ஃபாரூக் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனபோது சொல்லிக்கொள்ள வந்தான், கை கொடுத்தான். வளர்மதியைப் பார்ப்பீர்களா என்று அழகேசன் கேட்கவில்லை.

அவளுடைய எண் இன்னும் அவர் கைப்பேசியில் இருக்கிறது. அழைத்தாலும் சொல்வதற்கு அவரிடம் அந்த ஓர் உண்மைதான் உண்டு. அதை அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.