தட்டிப் பார்க்காத கல்

இடி என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். அவர் காதுபடச் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் கிடையாது. வார்ப்பட இரும்புச் சாமான்களின் பிசிறை அரைத்து எடுக்கும் பட்டறை அவருடையது. நான்கு மெஷின், ஐந்து ஆள், நாள் முழுக்கத் தீப்பொறி. பத்தொன்பது வயதில் ஒருவனின் முன்பல்லை உடைத்தவர். ஐம்பது வயதிலும் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும்.

அப்பேர்ப்பட்டவர் பதினான்கு வருடமாக ஒரே ஆளிடம் மெஷினில் மாட்டும் அரவைக்கல் வாங்கிக்கொண்டிருந்தார். கல்லுக்காரர் எலும்பும் தோலுமான கிழவர். பெட்டியைப் பிரித்ததும் வட்டக் கல் ஒவ்வொன்றையும் விரலில் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் நாலு இடத்தில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். சிலதைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டுக்கொள்வார். மற்றதைத்தான் கையில் கொடுப்பார்.

"பெருசு கச்சேரிய ஆரம்பிச்சுட்டாரு டோய்!" என்பார்கள் ஆட்கள்.

"உன் மண்டையத் தட்டினா இதைவிட ஜோரா கேக்கும்டா. உள்ள காலி" என்பார் கிழவர்.

இடியின் மனைவிக்கு ஒரே தம்பி. அவனும் அந்தப் பட்டறையில்தான் மெஷின் ஓட்டினான். கால் பங்கு விலை குறைத்துத் தரும் கடை ஒன்றைக் கண்டுபிடித்து வந்தான்.

"மாமா, அதே சைஸ், அதே தரம். இன்னும் அந்தக் கிழவரையே கட்டிக்கிட்டு அழுறீங்களே!"

"வேணாம் மாப்ள."

"ஏன்னாவது சொல்லுங்க."

"வேணாம்னா வேணாம்டா!" கையிலிருந்த ஸ்பானர் பறந்துபோய்ச் சுவரில் காரையைப் பெயர்த்தது.

ஏன் என்று அவருக்கே தெரியாது. பழகிய ஆளை மாற்றினால் என்னவோ கைநழுவிப் போகும் என்று மனசு சொன்னது. அந்த என்னவோ எது என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டு வருடம் கத்தியே சமாளித்தார்.

பிறகு ஒருமுறை கிழவருக்குக் காய்ச்சல் கண்டது. கல் வராமல் இரண்டு நாள் மெஷின்கள் சும்மா நின்றன. மூன்றாம் நாள் வந்தவரின் காலரைப் பிடித்து, வாசல்வரை தரதரவென்று இழுத்துப்போய்த் தள்ளினார் இடி. பெட்டியும் பின்னாலேயே பறந்தது. முழங்கையில் ரத்தம் வழிய எழுந்த கிழவர், "கை வைக்கிற இடத்துக்கு இனிமே நான் வர மாட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே புதுக் கடையின் கல் வந்து இறங்கியது. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. மைத்துனனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "சொன்னேன்ல மாமா, சொன்னேன்ல?"

நான்காம் வாரம் ஒரு காலையில் அவன் புதுக் கல் ஒன்றை மாட்டி சுவிட்சைப் போட்டான். முழு வேகம் எடுத்த நொடியில் கல் வெடித்தது. மூடித் தகடு காகிதம்போலக் கிழிந்தது. ஒரு துண்டு கூரையைப் பொத்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று அவன் தாடையை நொறுக்கி, அப்படியே மேலேறி வலது கண்ணைப் பிளந்தது. அவனால் கத்தக்கூட முடியவில்லை. கத்துவதற்கு வாய் இல்லை.

தாடையைக் கம்பி வைத்துக் கட்டிவிடலாம், கண் போனது போனதுதான் என்றார் டாக்டர். இன்னொரு கண்ணைப் பற்றி மறுநாள்தான் சொல்ல முடியுமாம்.

மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என் தம்பிய இந்தக் கதிக்கு ஆளாக்கினது யாருன்னு சொல்லுங்க! யாரு?"

"அந்தக் கடைக்காரன உயிரோட விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இரும்புக் கம்பியோடு கிளம்பினார் இடி.

முதல் அடியில் கடையின் கண்ணாடி அலமாரி சரிந்தது. இரண்டாவது அடியைத் தடுக்க நீட்டிய கடைக்காரனின் கை, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒடிந்தது.

"ஓட்டைக் கல்ல வித்து என் மாப்ள கண்ணப் பிடுங்கிட்டியேடா, பாவி!"

"நல்ல கல்லுண்ணே! சத்தியமா நல்ல கல்லு! வண்டியில குலுங்கி வரும்போது நூத்துல ஒண்ணு கீறல் விடும். எவன் கல்லா இருந்தாலும் விடும். அதுக்குத்தான மாட்டறதுக்கு முன்னாடி தட்டிப் பாக்கறது? நல்ல கல்லு கணீர்னு கேக்கும், கீறல் கல்லு சொத்துன்னு கேக்கும். தட்டிப் பாத்தீங்களா இல்லையா?"

ஓங்கிய கம்பி அப்படியே நின்றது.

பட்டறையில் யாரும் தட்டிப் பார்த்ததில்லை. அது கிழவரின் கிறுக்கு என்றே நினைத்திருந்தார்கள். தங்கள் வேலையைத்தான் அவர் பதினான்கு வருடமாகச் செய்து கொடுத்தார் என்று அவரும் சொல்லிக் காட்டவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஆள் மாறியதும் அந்த வேலை யார் கைக்கும் வராமல் நடுவில் விழுந்துவிட்டது. இரண்டு வருடம் இடியைப் பிடித்து இழுத்த பயம் இதுதானா? தெரிந்திருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருப்பாரே.

கம்பியைப் போட்டுவிட்டுக் கடைக்காரனைத் தோளில் சாய்த்து ஆட்டோவில் ஏற்றினார். அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். சற்று நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"யாருய்யா அடிச்சது?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"அவன் மேல தப்பில்ல சார்."

"தப்பில்லாதவன எதுக்குய்யா எலும்பு முறிய அடிச்ச?"

மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமலே சொன்னார். "கல்லத் தட்டிப் பாக்கணும்னு மாப்ளைக்குச் சொல்லிக் குடுக்காதது நான். அதைப் பாத்துக் குடுத்துட்டிருந்த மனுஷனக் கழுத்தப் பிடிச்சுத் தள்ளினதும் நான்."

பளாரென்று அறை விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. போலீஸ்காரர்தான் அவளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. உதட்டில் ரத்தம் கசிய இடி நின்ற இடத்திலேயே நின்றார்.

"மாப்ளைக்கு முழிப்பு வந்ததும் அவன்கிட்ட நானே சொல்லிடறேன் சார்" என்றார். "அதுவரைக்கும் மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க."