அட்டை வீட்டுக்கு ஒரு கிரகப்பிரவேசம்

என் அக்கா மகள் எங்கள் வீட்டில் இருந்து இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய வகுப்புத் தோழி படப்பைப் பக்கம் புது பிளாட்டில் இருக்கிறாள். அந்தப் பெண்ணின் வீட்டு மாடியில் பிளாஸ்டிக்கில் செய்த விளையாட்டு வீடு ஒன்று உண்டு. ஜன்னல், கதவு, அழுத்தினால் அடிக்கும் மணி எல்லாம் இருக்கிறதாம். அந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டு எங்கள் ஆள் சும்மா இருக்கவில்லை.

"எங்க சித்தி இன்ஜினியரு. எனுக்கு இத்தவிட பெரிய வூடு கட்டித் தரும். ஞாயித்துக்கெயம வந்து பாரு."

சொன்னது செவ்வாய்க்கிழமை. எனக்குத் தெரியவந்தது புதன்கிழமை.

நான் இன்ஜினியர் இல்லை, டிப்ளமோ. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் அவளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

"ஞாயித்துக்கெயம வூடு இல்லைன்னா அவ கிளாஸ் ஃபுல்லா சொல்லி சிரிப்பா, சித்தி" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு.

மரமும் தகரமும் வாங்க வழியில்லை. கம்பெனி ஸ்கிராப் யார்டில் பாகங்கள் வந்த பெரிய அட்டைப்பெட்டிகள் கிடந்தன. கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கேட் பாஸில் 'பழைய அட்டை. உபயோகம்: வீடு கட்ட' என்று உண்மையை எழுதினேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"லோன் கெடைக்கலியாம்மா?"

கம்பெனி பஸ்ஸில் அட்டைகளை மடக்கிச் சீட்டுக்கு நடுவே நிறுத்தினேன். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பெண் அவற்றுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள். "ஏட்டி, செவுத்துக்கு அந்தப் பக்கம் நீ இருக்கியா? டிக்கெட்டு ஒனக்கா, வீட்டுக்கா?"

வியாழக்கிழமை இரவு, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரைபடம் போட்டேன். நான்கடி அகலம், ஐந்தடி உயரம், சாய்ந்த கூரை, ஒரு ஜன்னல். அப்பா வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"வாசப்படி தெக்க பாத்துகினு கீது. கொயந்த வூடு, ஆவாது."

தாளைத் திருப்பி வைத்தேன்.

"ஆங், இப்ப கரெக்டு" என்றார்.

ஒட்டுவதற்கு டேப் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழைய பொருளில் கட்டும் வீட்டில் எதற்கு பிளாஸ்டிக்? மைதாவைக் கிண்டிப் பசை காய்ச்சினேன். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் விஷம் எதற்கு என்று அதையும் விட்டேன். பூச்சியைப் பற்றி அரை மணி நேரம் யோசித்தேன். அந்தப் பசையை வேறு யாருக்குப் பிடிக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கொல்லையில் வீடு நின்றது. அட்டையில் அச்சடித்திருந்த 'இந்தப் பக்கம் மேலே' அம்புக்குறிகள் எல்லாம் வானத்தைப் பார்த்தன. அம்மா குனிந்து உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தாள்.

"நம்ப கக்கூசே இத்தவிட பெருசு" என்றாள். ஆனால் வெளியே வர அவசரப்படவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தோழி வருவதாக ஏற்பாடு. எட்டரைக்கு அப்பா புது வேட்டியில் கொல்லைக்கு வந்தார்.

"பால் காச்சாம வூட்டுக்குள்ள போவுறதா? இன்னா படிச்சியோ!"

"அப்பா, அது அட்டை. உள்ளே அடுப்பு வெச்சா வீடே இருக்காது."

"வெளிய வெச்சிக்கலாம்."

மூன்று செங்கல் அடுக்கி, வாசலிலிருந்து பத்தடி தள்ளிப் பால் காய்ச்சினோம். நெருப்பு விஷயத்தில் ஜெயித்துவிட்ட திருப்தியில் நான் இருந்தேன். அதற்குள் அம்மா எங்கள் பசுவுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். புது வீட்டில் முதலில் பசு நுழைய வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எனக்கும் இல்லை. அதுதான் வேடிக்கை. டிப்ளமோ படித்த நானும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றேன்.

பசு முழுதாக நுழைய இடமில்லை. தலையை மட்டும் உள்ளே விட்டது. பிறகு சுவரை நக்கியது.

"பாத்தியா, மகாலட்சுமி முத்தம் குடுக்குது" என்றார் அப்பா.

பர்ரென்று ஒரு சத்தம். மகாலட்சுமி பின்சுவரைத் தின்ன ஆரம்பித்திருந்தாள்.

"அய்யய்யோ, புடி, புடி!" என்று அம்மா கயிற்றை இழுத்தாள். பசு மிரண்டு தலையைத் தூக்கியது. கொம்பு கூரையில் மாட்டிக்கொண்டது. வீடு தரையை விட்டு எழுந்தது. அப்படியே திரும்பி, வாழை மரங்களைச் சுற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கியது. ஜன்னல் வழியாக ஒரு காது ஆடியது. அப்பா பின்னாலேயே ஓடினார், கையில் பால் சொம்போடு.

அந்த நேரத்தில்தான் தோழி வந்தாள், தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. இருவரும் வேலிப் படலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நான் அக்கா மகளைப் பார்த்தேன். உதடு துடித்துக்கொண்டிருந்தது. போச்சு, இனி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக மாட்டாள் என்று நினைத்தேன்.

"உங்க வீடு நடக்குமா?" என்று தோழி கேட்டாள். குரலில் கேலி இல்லை.

எங்கள் ஆள் மூக்கை உறிஞ்சினாள்.

"நடக்கும். ஒங்க வூடு?"

"நடக்காது" என்றாள் தோழி, மிகவும் வருத்தமாக.

ஒருவழியாகப் பசுவின் கொம்பிலிருந்து வீட்டைக் கழற்றினோம். மூன்று சுவர், பாதிக் கூரை மிச்சம். பிள்ளைகள் இருவரும் அதற்குள் புகுந்துகொண்டார்கள். ஓட்டை வழியாகப் பசுவுக்கு அட்டைத் துண்டு ஊட்டப் போனார்கள். அம்மா பிடுங்கிக்கொண்டு வாழைப்பழம் கொடுத்தாள்.

நான் கடைக்கு ஓடி பழுப்பு டேப் வாங்கி வந்தேன். அம்மா பக்கத்தில் நின்று விசாரணை நடத்தினாள்.

"மாடு ஏன் துன்னுச்சி?"

"மைதா."

"மைதா ஏன் போட்ட?"

"டேப் வேணாம்னு."

"இப்ப கையில இன்னா?"

எங்கள் கம்பெனியில் ஒரு குறையின் காரணத்தைப் பிடிக்க ஐந்து முறை 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்பது விதி. அம்மாவுக்கு மூன்று கேள்வியே போதும்.

கிளம்பும்போது தோழி தன் அப்பாவின் சட்டையை இழுத்தாள். "அப்பா, பிளாஸ்டிக் வீடு வேணாம். நமக்கும் மாடு வாங்கலாம்."

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்ஜினியர் மேடம் நீங்கதானா?"

அக்கா மகள் கண் இமைக்காமல் என்னையே பார்த்தாள். என் பற்களுக்கு இடையே டேப் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.