அடையாள அட்டையோடு அணைத்த நெருப்பு

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு நெருப்பு வைத்தது நான்தான். இத்தனை வருடமாக எல்லோரும் அதை ஒரு குப்பை நெருப்பு என்றே சொல்லி வருகிறார்கள். பொலிஸ் கொப்பியிலும் வேறொருவரின் பெயர்தான் இருக்கும். எனக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் எழுதுகிறேன்.

யுத்த காலம். நானும் அம்மாவும் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், சிங்கள அன்ரி ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த அனெக்ஸில் குடியிருந்தோம். சுவர் பலகை, கூரை தகரம். அனெக்ஸுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் யாரும் கட்டாத ஒரு வெறும் வளவு, இடுப்பளவு புல்லோடு கிடந்தது. எங்களுக்கு எதிரே ஒரு லொட்ஜ். வடக்கிலிருந்து வந்து வீசாவுக்காகக் காத்திருந்தவர்கள் ஒரு அறைக்கு ஐந்தாறு பேராக அதில் இருந்தார்கள்.

அந்த வருடம் ஆடிக்காற்று மழையைக் கூட்டிக்கொண்டு வர மறந்துவிட்டது. வெறும் காற்று மட்டும் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து கண்ணிலும் சோற்றிலும் போட்டது. புல் காய்ந்து மஞ்சளாகி, நடந்தால் நொறுங்கியது. அன்ரி தகரக் கூரையில் கல் ஏற்றுவித்தார். ஜன்னல்களில் ஈரச்சீலை கட்டினார். என்னைக் காணும்போதெல்லாம் தன் அரைகுறைத் தமிழில் ஒன்றையே சொன்னார்.

"துவ, இந்தக் காத்து போற மட்டும் கின்தர வேணாம். குப்பை பத்த வைக்க வேணாம். விளக்கு ஜன்னல் கிட்ட வேணாம்."

கின்தர என்றால் நெருப்பு, துவ என்றால் மகள். நான் எங்கள் ஒஃபிஸ் மனேஜருக்கு ஆட்டுவது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று நான் நம்பாத வயது.

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, வலது கால் தொடைவரை பிளாஸ்டரில் இருந்தது. இரண்டு பேர் பிடிக்காமல் கட்டிலை விட்டு எழும்ப முடியாது. வாய்க்கு மட்டும் பிளாஸ்டர் போடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து ஒழுங்கையில் ஆமி வீடு வீடாகச் சோதனை செய்கிறது என்று கதை வந்தது. தமிழில் எழுதிய ஒரு கொப்பிக்காக ஒருவரைக் கொண்டுபோய்விட்டார்களாம். என் தகரப் பெட்டிக்குள் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களிடம் கொடுத்தனுப்பிய கடிதங்கள் கட்டாக இருந்தன. கடிதங்களையும் தீப்பெட்டியையும் எடுத்தேன்.

"என்ன பிள்ளை, அக்கான்ரை கடிதங்களை எரிக்கப் போறியோ?" என்றார் அம்மா. "கோழி அடை கிடக்கிற கதையை வாசிச்சு அவங்கள் என்ன செய்யப் போறாங்கள்?"

"நீங்கள் பேசாமல் கிடவுங்கோ அம்மா."

வெறும் வளவின் கடற்பக்க மூலையில், ரயில் மதிலோடு குந்தியிருந்து கொளுத்தினேன். மதில் காற்றை மறைக்கும் என்பது என் கணக்கு. முதல் கடிதம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாவது பாதி எரியும்போது காற்று மதிலுக்கு மேலால் குதித்து, கட்டு முழுவதையும் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனது. எரிகிற தாள்கள் புல்லுக்கு மேலே பறந்தன. அவை விழுந்த இடமெல்லாம் பற்றியது. நான் செருப்பால் மிதித்தேன், பாவாடையால் அடித்தேன். ஒன்றை அணைக்க மூன்று எழும்பியது. காற்று கடலிலிருந்து நேரே எங்கள் அனெக்ஸை நோக்கி அடித்தது, நெருப்பும் அதே வழியில் போனது. பலகைச் சுவருக்குப் பின்னால், எழும்ப முடியாமல், என் அம்மா.

சத்தம் போட வாயைத் திறந்தேன், புகைதான் உள்ளே போனது. வளவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அப்போது புல்லுக்குள் கிடந்த ஏதோ பழைய டின் ஒன்று சூட்டில் 'டமார்' என்று வெடித்தது.

அதன் பிறகு நடந்ததை எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். கொலன்னாவையில் எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டு எரிந்த பிறகு, கொழும்பில் வெடிச்சத்தமும் புகையும் சேர்ந்து வந்தால் அடுத்தது ஆமியின் சுற்றிவளைப்பு, வீதியில் வரிசையாக நிறுத்தி அட்டை பார்ப்பது என்பது எங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும், அதற்குள் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும். ஒருவரும் கூப்பிடவில்லை. நான் ஒழுங்கைக்கு வந்தபோது லொட்ஜ் முழுவதும் வெளியே வந்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி இரண்டு வரிசையாக நின்றார்கள். பின்னால் புகை சுருள் சுருளாக வருகிறது, இவர்கள் சோதனைக்கு நிற்கிறார்கள்!

கடைக்குப் போயிருந்த அன்ரி மரக்கறிப் பையோடு வந்து இதைப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன் நிக்கிறது? ஆமி இல்ல! கின்தர! கின்தர!" என்று கத்தினார்.

"நெருப்பு! அம்மா உள்ளுக்கை!" என்று எனக்கும் அப்போதுதான் குரல் வந்தது.

முன்னால் நின்ற இரண்டு பேர் அட்டைகளைப் பல்லில் கடித்துக்கொண்டு அனெக்ஸுக்குள் ஓடினார்கள். அம்மாவைப் பிரம்புக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் அன்ரி ஒழுங்கையோரமாக இருந்த தன் முற்றத்துக் கிணற்றில் இறைத்த முதல் வாளியை வரிசையின் தலையில் நின்றவரின் கையில் திணித்துவிட்டார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். வரிசை ஏற்கெனவே கிணற்றடியிலிருந்து வளவின் வேலிவரை நீண்டு நின்றது! யாரும் ஓர் அடி நகர வேண்டியிருக்கவில்லை. நிறைந்த வாளி ஆண்கள் பக்கத்தால் போனது, வெறும் வாளி பெண்கள் பக்கத்தால் திரும்பி வந்தது. எங்களை அதட்டி அதட்டிப் பழக்கிய அந்த இரட்டை வரிசை, ஒரு நாளாவது எங்களுக்காக நின்றது.

அன்ரி மூக்கில் ஈரச்சீலை கட்டச் சொன்னார். எரிகிற புல்லை விட்டுவிட்டு முதலில் பலகைச் சுவரை நனைக்கச் சொன்னார். நாலைந்து பேர் நனைத்த சாக்குகளால் பக்கவாட்டிலிருந்து நெருப்பை அடித்தார்கள். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. கதிரை பெண்கள் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. வெறும் வாளிகள் அவர் மடியைத் தாண்டித்தான் போயின.

"கெதியாத் தாங்கோ பிள்ளையள்! என்ன, கலியாண வீட்டிலை பந்தி பரிமாறுறியளோ?" என்று எல்லோரையும் விரட்டினார்.

வேலியில் ஒரு பாகம் போனது. பலகைச் சுவர் கருகியது, ஆனால் பற்றவில்லை. கடைசிப் புகை அடங்கியபோது ஒழுங்கை முழுவதும் கைதட்டியது. முகம் கரியாகவும் பல் வெள்ளையாகவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவ்வளவு பெருமையாக நாங்கள் கொழும்பில் அதற்கு முன் நின்றதில்லை. நானும் சிரித்தேன்.

அப்போதுதான் பொலிஸ் ஜீப் வந்தது. எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில் மறுபடி நேராக நின்று, நனைந்த அட்டைகளை நீட்டினார்கள். அதிகாரி அவற்றைப் பார்க்கவில்லை. யார் கொளுத்தியது என்று சிங்களத்தில் கேட்டார். தமிழ்க் கடிதங்களை ஒளித்து எரித்தேன் என்று சொன்னால் அன்று பின்னேரம் நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான், மஹத்தயா," என்றார் அன்ரி. "குப்பை. காற்றைப் பார்க்கவில்லை."

அதிகாரி அவரை வைத்து வாங்கினார். இந்த வயதில் இந்தக் காற்றில் நெருப்பு வைக்கலாமா, மூளை இல்லையா என்று. எனக்கு மாதக்கணக்காகப் புத்தி சொன்ன அந்த மனுஷி, ஒழுங்கை முழுவதும் பார்க்கத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒரு கையைச் சட்டையின் கழுத்தில் வைத்தபடியே நின்றார். அவர் பெயரை எழுதிக்கொண்டு ஜீப் போனது.

ஜீப் மூலை திரும்பி மறைந்ததும் அன்ரி சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். ஓரம் கருகிய தமிழ்த் தாள், அக்காவின் கையெழுத்து. காற்று அதைக் கிணற்றடிவரை கொண்டுவந்து அவர் காலடியில் போட்டிருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் யார் வீட்டுத் தாள் என்று தெரிந்துவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"இனி எரிக்க வேணாம் துவ," என்றார். "கடிதாசி வந்தா எங்கிட்ட தா. என்ட அலுமாரி யாரும் பாக்க மாட்டான்."

யுத்தம் முடியும்வரை அப்படித்தான் நடந்தது. அக்காவின் கடிதம் வரும், நானும் அம்மாவும் வாசிப்போம், பிறகு அது அன்ரியின் சேலைகளுக்கு அடியில் போய்ப் படுக்கும். அவை எல்லாம் இன்று என்னிடம் இருக்கின்றன, ஒன்றும் தவறவில்லை. பிரித்தால் பூச்சி உருண்டை மணக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கருகிய தாள் இருக்கிறது. அதில், வெள்ளைக் கோழி பதினொரு குஞ்சு பொரித்தது என்று அக்கா எழுதியிருக்கிறாள்.