தையல்காரம்மாவின் முதுகு

அந்த வைத்திய நிலையத்தில் அவளுக்குக் கட்டைவிரல் அக்கா என்று பெயர். எண்ணெய் தடவி உடம்பு பிடித்துவிடுவது வேலை. உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றுவதெல்லாம் சும்மா ஒரு முன்னுரைதான். முதுகெலும்பின் ஓரமாகக் கட்டைவிரல் இறங்கும்போதுதான் படுத்திருப்பவர்கள் முனகத் தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் வாய் பிளந்து தூங்கிவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே ஒரு விளையாட்டுச் சங்கத்தில், பந்தாட்டக்காரிகளின் தொடையையும் கெண்டைக்காலையும் பிடித்துவிட்டுப் பழகிய கை அது. பிறகு சில காலம் பொதுக் குளியல் கூடம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டுப் பிரித்தவர்களின் கைகாலை மடக்கி நீட்டிவிடும் பிரிவு. அங்கே மின்சார இயந்திரங்கள் வந்திறங்கியதும் ஆளைக் குறைத்தார்கள். அக்கா முதலாளியம்மாவின் நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த நாளிலிருந்து பக்கத்து அறையில் எத்தனையோ வைத்தியங்களைப் பார்த்துவிட்டாள். காந்தப் பட்டை கட்டிவிட்டவர் இருந்தார். நீல பாட்டிலில் வெயில் பட்ட தண்ணீரைக் குடிக்கச் சொன்னவர் இருந்தார். சூடான கற்களை முதுகில் அடுக்கிய பெண் இருந்தாள். பாதத்தை அழுத்தி, இது கல்லீரல், இது சிறுநீரகம் என்று கணக்குச் சொன்னவரும் இருந்தார். எல்லாரும் வந்தார்கள், கொஞ்ச நாள் ஓகோவென்று ஓடியது, போனார்கள். அக்கா ஒவ்வொருவரையும் வாசல்வரை போய் வழியனுப்பினாள். அவர்களைப் பார்த்து அவள் வயிறு ஒருநாளும் எரிந்ததில்லை.

கிண்ணக்காரி வந்த பிறகுதான் எரிந்தது.

கிண்ணக்காரி சின்னப் பெண்தான். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நெருப்பைக் காட்டி எடுத்து, சட்டென்று முதுகில் கவிழ்ப்பாள். கிண்ணம் தோலைக் கவ்விப் பிடித்து உள்ளே இழுக்கும். எடுத்த இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம் நிற்கும். அங்கேதான் அக்காவுக்கு உறுத்தியது. அவள் பிடித்துவிட்ட உடம்பில் வெளியே காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்தால் எண்ணெயும் போய்விடும். கிண்ணக்காரியிடம் போனவர்களோ கழுத்துப் பக்கம் சட்டையை இறக்கி, பார்த்தாயா பார்த்தாயா என்று வட்டத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

போதாததற்கு முதலாளியம்மா காத்திருக்கும் அறையில் பலகைகள் மாட்டினாள். கிண்ண வைத்தியத்துக்கு ஒரு முழுப் பலகை. எகிப்து, கிரேக்கம், சீனம், ஆயிரக்கணக்கான வருடம், மாட்டுக் கொம்பிலும் மூங்கிலிலும் ஆரம்பித்துக் கண்ணாடிக்கு வந்த கதை, படங்களோடு. உடம்பு பிடித்துவிடுவதைப் பற்றி அடியில் ஒரே ஒரு வரி. எங்களுக்கும் கொஞ்சம் விரிவாக எழுதக்கூடாதா என்று அக்கா போய்க் கேட்டாள். இடித்துக்கொண்டால் எல்லாரும் தேய்த்துக்கொள்வதுதானே, அதற்கென்ன பெரிய வரலாறு என்று முதலாளியம்மா சிரித்தாள். இடித்துக்கொண்ட முதல் மனுஷனிலிருந்து வருவதென்றால் அதுதானே எல்லாவற்றுக்கும் மூத்தது என்று அக்காவுக்குத் தோன்றியது. தோன்றியதென்னவோ பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.

வீட்டில் புலம்பினாள். கணவர் கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவர். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நீயும் நாலு கீறு கீறி அனுப்பேன். யாரு வேண்டாம்னா?"

"உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான்."

"பின்ன என்னடி. செவுத்துல நான் பூசுறது நாலு பேருக்குத் தெரியுது. நீ பூசுறது உள்ள போயிடுது. விடு."

விட முடியவில்லை. ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்கு நகர்ந்தார்கள். வங்கிக்கார அம்மா போனாள், டீச்சர் போனாள். கிண்ணக்காரி, டீ போடட்டுமா அக்கா என்று மரியாதையாக வந்து கேட்கும்போது இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திமிராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். போனால் போகட்டும், தையல்காரம்மா இருக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தையல்காரம்மாவின் முதுகு அக்காவுக்குத் தன் வீட்டு அடுப்படி மாதிரி. மெஷினில் குனிந்து குனிந்து வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சு விழும். வாரம் தவறாமல் வந்து கவிழ்ந்து படுத்து, மருமகள் கதையிலிருந்து பல்வலிவரை சொல்லித் தீர்ப்பாள். அவளும் போய்விட்டால் அப்புறம் தனக்கு இங்கே என்ன வேலை என்று அக்கா நினைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் படுத்தாள். அக்கா துணியை விலக்கினாள். வலது தோள்பட்டைக்குக் கீழே நாலு வட்டங்கள். நேற்று வைத்ததாக இருக்க வேண்டும், நிறம் இன்னும் மங்கவில்லை.

கிண்ணம் வைத்த இடத்தை வட்டம் மறையும்வரை தொடக்கூடாது. ரத்தம் தோலுக்கடியில் கட்டி நிற்கும் இடம் அது. தொழில் தெரிந்த யாரும் துணியை மூடிவிட்டு, அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பியிருப்பார்கள். அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்கு அது முதுகாகத் தெரியவில்லை. தன் வீட்டுச் சுவரில் எவளோ வந்து கிறுக்கிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. எண்ணெயை ஊற்றினாள். வட்டங்களின் மேலேயே கட்டைவிரலை வைத்து, அழிக்கிறவள் மாதிரி அழுத்தித் தேய்த்தாள். தையல்காரம்மா ஒருமுறை தோளை இழுத்துக்கொண்டாள். வலிக்குதா என்று அக்கா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரம்மாவின் மகள் செல்போனோடு வந்து நின்றாள். படத்தில், தோள்பட்டைக்குக் கீழே முழுதும் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. அம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை, பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் சீருடைத் துணியெல்லாம் வெட்டாமல் கிடக்கிறது, இந்தக் கிண்ணத்தால் வந்த வினைதான் என்று சத்தம் போட்டாள்.

முதலாளியம்மா கிண்ணக்காரியைக் கூப்பிட்டாள். அவள் படத்தை வாங்கி, விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். வட்டங்களின் ஓரம் கலைந்து, நீளவாக்கில் இழுபட்டுப் போயிருந்தது. எந்தக் கிண்ணமும் அப்படி இழுக்காது. கதவோரம் நின்ற அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு முதலாளியம்மாவிடம், "நான்தான் கிண்ணத்தைக் கொஞ்சம் அதிக நேரம் விட்டுட்டேன் போலம்மா" என்றாள்.

உனக்கு நாளையிலிருந்து வேலையில்லை என்று சொல்ல முதலாளியம்மா வாயெடுத்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பக்கத்து அறை காலியாகும், வங்கிக்கார அம்மா திரும்பி வருவாள், டீச்சர் திரும்பி வருவாள். ஆனால் அந்தச் சின்னப் பெண் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்பதை அக்காவால் தாங்க முடியவில்லை. கூட்டமும் அவளுக்கு, பலகையும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா?

"கிண்ணம் இல்ல. நான் பண்ணினது" என்றாள் அக்கா. "வட்டத்து மேலேயே அமுக்கிட்டேன். தெரிஞ்சேதான் அமுக்கினேன்."

தையல்காரம்மாவின் மகள் கிளம்பும்வரை முதலாளியம்மா பொறுத்திருந்தாள். அப்புறம் பேசினாள், நன்றாகவே பேசினாள். ஜன்னல் வைத்த முன்னறை கிண்ணக்காரிக்குப் போனது. மாவு மில்லைப் பார்த்த பின்னறை அக்காவுக்கு.

வீக்கம் வடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு மாலையில் அக்கா தையல்கடைக்குப் போனாள். தையல்காரம்மா ஒரு சட்டையின் கழுத்துப் பட்டைக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. அக்கா துணிக் குவியலை ஒதுக்கித் தானே உட்கார்ந்தாள்.

"அவகிட்ட போனதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? அவ பேரை எடுத்தாலே உன் மூஞ்சி மாறுது. நான் தோள்வலியோட வர்றவ. உன் மூஞ்சியையும் சேர்த்து என்னால சுமக்க முடியுமா?"

அக்கா தலைகுனிந்தாள். கை தானாகத் தரையில் கிடந்த நூல்களைப் பொறுக்கியது.

"நிறுத்திட்டியா அவகிட்ட போறத?"

"இல்ல. அதுலயும் சுகமாத்தான் இருக்கு. உன் கை இல்லாமலும் ஆகலை." தையல்காரம்மா நாலைந்து குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள். ஊசிகளுக்கிடையே சொன்னாள், உனக்கு ஒரு வாரம், அவளுக்கு ஒரு வாரம், சம்மதமென்றால் வருகிறேன், இல்லையென்றால் ரெண்டு பேரும் வேண்டாம்.

அக்காவுக்கு வயிற்றில் பழையபடி புகைந்தது. பாதி முதுகை ஒருத்திக்கு எழுதிக் கொடுப்பது மாதிரி இருந்தது. பொறுக்கிய நூல்களை உருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"சரி. ஆனா முதல் வாரம் எனக்கு."