டோரதி அடிக்க மறுத்த உத்தரவு

பாலக்கரை டோரதிக்கு இங்கிலீஷில் பிடிக்காத வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: அட்ஜஸ்ட். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய பெண். அர்த்தம் தெரியாமல் இல்லை. ஆனால் டிக்‌ஷனரியில் இருக்கிற அர்த்தத்தில் இந்தத் திருச்சியில் யார் அதைச் சொல்கிறார்கள்? ஸ்ரீரங்கம் பஸ்ஸில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால், பாதி உடம்பைச் சீட்டுக்கு வெளியே தொங்கவிடு என்று பொருள். பெரிய கடைவீதி டெய்லர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க" என்றால், ரவிக்கையைக் குட்டையாக வெட்டித் தொலைத்துவிட்டான். அக்கா புருஷன் குடித்துவிட்டுக் கைநீட்டியபோது, "பொம்பளதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போவணும்" என்று பூசைக்குப் போய்வந்த வாயாலேயே அம்மா சொன்னாள். அங்கே அதற்கு, வாங்கிக்கொண்டு சும்மா இரு என்று அர்த்தம். ஆயிரம் அர்த்தம் இருந்தாலும் அடி ஒரே பக்கத்துக்குத்தான். சீட்டில் அகலமாக உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

1973 ஜூனிலிருந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவள் டைப்பிஸ்ட். தற்காலிகம். ஒவ்வொரு ஏப்ரல் முப்பதாம் தேதியும் அவளை வேலையிலிருந்து விடுவிப்பதாக ஓர் உத்தரவு. ஜூனில் புதிதாகச் சேர்ப்பதாக இன்னொன்று. நடுவில் ஒரு மாதம் அறுந்துபோனால், எத்தனை வருஷம் உழைத்தாலும் நிரந்தரம் கேட்க முடியாது. அந்த உத்தரவை அடிக்கிறவளும் அவளேதான். ஆபீசில் வேறு யாருக்கும் டைப் தெரியாது.

கூத்து அதோடு முடியவில்லை. டி.சி., சர்டிபிகேட் என்று வேலை குவிவதே மே மாதம்தான். அதனால் விடுவிக்கப்பட்டவள் மறுவாரமே வந்து உட்கார்ந்து அடிப்பாள். வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துக் கிடையாது.

"பேப்பர்ல மட்டுந்தாம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்பார் ஹெட்கிளார்க் அழகிரி. கெட்டவர் இல்லை, பயந்தவர்.

1981 ஏப்ரல் முப்பது. எட்டாவது உத்தரவுக்காக மெஷினில் மாட்டிய தாளை டோரதி வெறுமையாகவே உருவி, அழகிரியின் மேஜையில் வைத்தாள்.

"இதை நான் அடிக்க மாட்டேன் சார். நீங்க கையால எழுதினாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

பள்ளிக்கூட நிர்வாகச் செகரட்டரி கூப்பிட்டனுப்பினார். "இத்தனை வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிட்டு, இப்ப என்ன புதுசா?"

"இத்தனை வருஷம் நான் பண்ணிட்டேன்ல சார். இனிமே நீங்க கொஞ்சம் பண்ணிப் பாருங்க."

நாளையிலிருந்து வராதே என்றார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் அம்மா அழுதாள். "எனக்கும் அழுகை வருதும்மா. மனுவ அடிச்சு முடிச்சிட்டு அழறேன்" என்று கிளம்பினாள். பயமாகத்தான் இருந்தது, முப்பத்தொரு வயதில் இந்த ஒரு வேலைதான் அவளுடையது. மலைக்கோட்டை அடிவாரத்தில் தான் படித்த டைப் இன்ஸ்டிடியூட்டில் மெஷின் கேட்டு வாங்கி, கல்வி ஆபீசுக்கு மனு அடித்தாள்.

ஜூலையில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மே மாதத்தில் இந்தப் பெண் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை என்று செகரட்டரி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

"மே மாச ஃபைலையெல்லாம் எடுக்கச் சொல்லுங்க சார்" என்றாள் டோரதி. "ஒவ்வொரு தாளோட அடியிலயும் தேதியும் என் இனிஷியலும் இருக்கும்."

தாளின் மூலையில் அடித்தவர் இனிஷியல் வேண்டும் என்பது செகரட்டரியே போட்ட சட்டம். தப்பு வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா?

செகரட்டரிக்கு முகம் வெளுத்தது. "பழைய ஃபைலெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சே. இல்லையா அழகிரி?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டோரதியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அழகிரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பீரோவைத் திறந்து, ஏழு வருஷத்து ஃபைல்களையும் கொண்டுவந்து அதிகாரி முன்னால் அடுக்கினார். புரட்டப் புரட்ட, இடது மூலையில் எஸ்.டி. என்று அவள் இனிஷியல். வலது பக்கம் செகரட்டரியின் கையெழுத்து.

ஆகஸ்டில் நிரந்தர உத்தரவு வந்தது. 1981 ஜூனிலிருந்து என்று போட்டிருந்தார்கள். "எட்டு வருஷத்த எங்க சார் காணோம்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கிடைத்ததை வாங்கிக்கொள்ளாமல் இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்த வீம்பு என்று ஊரே பேசியது. பேசிக்கொள்ளட்டும். அக்டோபரில் 1973 என்று திருத்தி வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அழகிரி அவள் மேஜை பக்கம் வந்து நின்றார். பதினாலு வருஷமாக அவர் 'பொறுப்பு' ஹெட்கிளார்க்தான், நாற்காலி அவருடையதில்லை என்பது ஆபீசுக்கே தெரியும். அவர் வாயால் அதைச் சொன்னதில்லை.

"ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷந்தாம்மா இருக்கு" என்றார். "எனக்கும் ஒரு மனு அடிச்சுத் தரியா?"

டோரதி ஒரு தாளை எடுத்து மெஷினில் மாட்டினாள்.

"உக்காருங்க சார். முதல்ல அந்த நாற்காலியில உக்காந்த தேதியச் சொல்லுங்க."