கவிழ்க்காத அலமாரி

உண்ணாமலை பிடிவாதக்காரி என்பது வல்லத்திராக்கோட்டை முழுக்கத் தெரிந்த சேதி. புருஷன் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே மகள் ரம்யாவைப் படிக்க வைத்து, திருவரங்குளத்தில் கட்டிக் கொடுத்தவள். எதற்கும் அசராதவள். அப்படிப்பட்டவள் இந்தத் தை மாதம் ஒரு அலமாரியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள்.

ரம்யா கால் வைத்த மூன்றாம் நாள் சம்மந்தி வீட்டுக் கன்றுக்குட்டி செத்துப்போனது. அடுத்த மாதம், அவர்கள் கட்டுகிற புது வீட்டுக்குப் போர் போட்டார்கள். நானூறு அடி போயும் புழுதியைத்தான் கக்கியது. மாப்பிள்ளையின் அம்மா சொர்ணவல்லி ஒரு வார்த்தை திட்டவில்லை. "எல்லாம் வந்த நேரம்" என்று மட்டும் சொன்னாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் ரம்யா சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். இனி அந்த வீட்டில் இன்னும் ஒன்று கெட்டால் போதும், ஆயுசுக்கும் ரம்யாவுக்கு அதுதான் பேர்.

அதனால்தான், புது வீட்டுக்குச் சாமி அலமாரி தன் கையாலேயே பெயிண்ட் அடித்து வரும் என்று உண்ணாமலை முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். மகளின் பிறந்த வீட்டிலிருந்து நல்லது ஒன்று உள்ளே போகட்டும் என்பது அவள் கணக்கு.

புதுக்கோட்டையில் பலகைக் கடை வைத்திருக்கும் சேக் அலாவுதீன், பெயிண்ட் காணாத எம்.டி.எஃப் அலமாரி ஒன்றைக் காட்டினார். இடுப்பு உயரம், இரண்டு கதவு, நாலு குட்டைக் கால்.

"இது மரமில்லக்கா. மரத்தூளை அமுக்கிச் செஞ்சது. தண்ணி பட்டா ரஸ்க்கு மாதிரி ஊதிரும்."

"சாமி அலமாரியை நான் என்ன கம்மாயிலயா முக்கப் போறேன்?"

"வெளயாட்டில்லக்கா. மேல நீங்க எத்தனை கோட்டு பெயிண்ட் அடிச்சாலும் சரி, ஓரமும் அடியும் சும்மா கெடந்தா அது வழியாக் குடிச்சிரும். தலைகீழாக் கவுத்துப் போட்டு, அடிக்கு மட்டும் மூணு கோட்டு அடிங்க. மறந்துறாதீங்க."

மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் உண்ணாமலை முதலில் வேறொரு வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை, வளர்பிறை, பலகையின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, முன்னால் ஒரு விளக்கையும் ஏற்றிவிட்டாள். எந்தப் புதுப் பொருளுக்கும் அவள் செய்கிறதுதான். அந்த நிமிஷத்திலிருந்து அது பலகை இல்லை, சாமியின் பீடம்.

பிறகு முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மாவு மில்லில் நிற்கிற மாதிரி தூள் பறந்தது. இருமி இருமி இரண்டு நாளைக்கு நெஞ்சு கரகரத்தது. ஓரங்களுக்குப் பட்டி தடவினாள், காயவிட்டாள், மறுபடி தேய்த்தாள். பிரைமர் ஒரு கோட்டு, அதன் மேல் லேசாக உப்புத்தாள், அப்புறம் சந்தன நிற எனாமல் இரண்டு கோட்டு. கை வைத்தால் வழுக்கியது.

அடிப்பக்கம் மட்டும் பாக்கி.

கவிழ்க்க இரண்டு தரம் கை வைத்தாள். இரண்டு தரமும் எடுத்துவிட்டாள். பொட்டு வைத்த பீடத்தைத் தலைகீழாக நிறுத்துவதா? பக்கவாட்டில் சாய்க்கலாமே என்றும் தோன்றியது. சாமி சாய்ந்தால் குடும்பம் சாயாதா? ஏற்கெனவே அந்த வீட்டில் எல்லாம் சாய்ந்துதானே கிடக்கிறது. "அடியை யாரு குனிஞ்சு பார்க்கப் போறா" என்று தனக்குத்தானே சொல்லி பிரஷைக் கழுவி வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்துத் தரையைத் துடைக்கும்போது ஈரம் பின்னங்கால் ஒன்றைத் தொட்டது. மறுநாள் காலையில் அந்தக் கால் புடைத்திருந்தது. பெயிண்டில் தலைமுடி போல ஒரு கீறல். உண்ணாமலை அதைக் காயவிட்டுத் தேய்த்து, மேலே ஒரு கோட்டு அடித்து மறைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. குட்டியானை வண்டியில் அலமாரியைச் சாய்க்காமல் நின்றபடியே கட்டி, திருவரங்குளம் வரைக்கும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போனாள்.

பால் காய்ச்சுகிற அன்று விடியற்காலையிலேயே கூட்டம். அலமாரியைப் பார்த்த பெண்கள் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். சொர்ணவல்லிகூட, "கடையில வாங்குனது தோத்துச்சு சம்மந்தி" என்றாள். உண்ணாமலைக்குச் சிரிக்க வரவில்லை. அலமாரிக்கு நேர் முன்னால், மூன்று முழம்கூட இல்லாத இடத்தில், செங்கல் அடுக்கி அடுப்புக் கூட்டியிருந்தார்கள்.

"அடுப்பைக் கொஞ்சம் அங்கிட்டு வச்சா என்ன?"

"சாமி பார்க்கப் பொங்கணும்ல" என்றார் மாப்பிள்ளை ஆத்மநாதன்.

பால் பொங்கியது. வழிந்தது. புதுத் தரையில் வெள்ளையாக ஓடி நேரே அலமாரியை நோக்கிப் போனது.

"கெழக்க ஓடுது, சாமி காலுக்கே போகுது" என்று குலவை போட்டார்கள். சொர்ணவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பால் அடியில் நுழைந்தது. உண்ணாமலை மறுபக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

அலமாரி குடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஊதும். நாளைக்குக் கதவு பிதுங்கும். மறுநாள் வெடிக்கும். வந்த நேரம் என்பார்கள்.

அவள் முன்னால் போய், சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்து ரம்யாவின் கையில் கொடுத்தாள். குலவை நின்றது.

"என்னம்மா பண்றே?" என்றாள் ரம்யா.

"பிடிச்சுக்க."

"நல்ல நாளும் அதுவுமா பீடத்துல கை வைக்கிறீங்களே சம்மந்தி" என்றாள் சொர்ணவல்லி. குரல் தணிந்துதான் இருந்தது.

"அடியில நான் பெயிண்ட் அடிக்கல. கவுக்கப் பயந்துக்கிட்டு விட்டுட்டேன். இப்ப பால் ஏறுது. நாளைக்கு இது வெடிச்சா நீங்க யார் காலைச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால என் கையைச் சொல்லிருங்க."

சொல்லிவிட்டு அலமாரியைக் கட்டிப்பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் தலைகீழாகக் கவிழ்த்தாள். முன்னங்கால் இரண்டும் பாலில் ஊறி, அடி ஓரம் உப்பத் தொடங்கியிருந்தது. ஆத்மநாதன்தான் முதலில் அசைந்தார். ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கொல்லையில் வெயில் விழும் இடத்தில் வைத்தார்கள்.

பந்தியில் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நாலு காலும் வானத்தைப் பார்த்து நின்றன. "பொண்ணைப் பெத்தவளே கவுத்துப்புட்டாளே" என்று ஒரு கிழவி சொன்னது உண்ணாமலை காதில் நன்றாகவே விழுந்தது. ரம்யாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கை கழுவப் போன இடத்தில் சொர்ணவல்லி பக்கத்தில் வந்து நின்றாள்.

"காய எத்தனை நாளாகும்?"

"நாலு நாள். அப்புறம் தேய்ச்சு, அடிக்கு மூணு கோட்டு. நானே வந்து அடிச்சுத் தாரேன்."

"அந்த நாலு நாளும் சாமி கீழதான். வீட்டுல ஒண்ணும் ஆகாம இருக்கணும்."

"ஏதாவது ஆனா என் பேரு" என்றாள் உண்ணாமலை. "அவ பேரு இல்ல. ஞாபகம் வச்சுக்கங்க."

சொர்ணவல்லி அலமாரியைப் பார்த்தாள், பிறகு, தை மாதத்தில் கூடாத மேகம் ஒன்று கூடிக்கொண்டிருந்த மேற்குப் பக்கத்தைப் பார்த்தாள். உண்ணாமலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தார்ப்பாய் தேடிப் போனாள்.